மிக்ஸி உடல்: பேப்பரில் எதுவரை, கேடில் (CAD) எப்போது?

மிக்ஸி போன்ற பொருட்களின் உடலை வடிவமைக்கும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பலர் முதல் நாளே கேட் (CAD) என்னும் கணினி வரைவு மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு உருளை, நாலு ஃபில்லட் (விளிம்பை வளைவாக்குவது), டிசைன் தயார். மென்பொருளுக்கு எது சுலபமோ அந்த வடிவம்தான் அதில் வரும்.

முதலில் மோட்டார், கப்ளர் (மோட்டாரை ஜாருடன் இணைக்கும் பாகம்), சுவிட்ச் மூன்றின் பக்கவாட்டு வெளிக்கோட்டை 1:1 அளவில் ஏ3 தாளில் பிரின்ட் எடுங்கள். மேலே டிரேசிங் பேப்பரை வைத்து பால்பாயின்ட் பேனாவால் வரையுங்கள். அழிக்க வழியில்லாததால் கை அடுத்த தாளுக்குப் போகும். இருபது உருவம் தேறினால் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். முப்பரிமாண ஸ்கெட்ச் வாடிக்கையாளருக்குக் காட்டத்தான். அதில் இடுப்பு ஒடுங்கி ஒயிலாக நிற்கும் மிக்ஸிக்குள் மோட்டார் நுழையாது.

சுவரின் சரிவையும் பேப்பரிலேயே போட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சிலிருந்து உடல் கழன்று வர, வழவழப்பான சுவருக்கு 1 டிகிரியாவது தேவை. சொரசொரப்பான டெக்ஸ்சர் என்றால் 3 டிகிரி, இல்லையேல் கீறல் விழும். 200 மி.மீ. உயரத்தில் 3 டிகிரி என்பது ஒரு பக்கத்துக்கே 10 மி.மீ.க்கு மேல். கேடில் கடைசி நாளில் சேர்த்தால், நிமிர்ந்து நின்ற உடல் பூந்தொட்டி ஆகிவிடும்.

தேர்ந்த ஸ்கெட்சை ஸ்கேன் செய்யுங்கள். செல்போன் படத்தில் கோணம் பிசகும். தாளிலேயே 100 மி.மீ. கோடு ஒன்று இருந்தால் கேடில் அளவை அதை வைத்துச் சரிசெய்யலாம். ஸ்கெட்சின்மேல் ஸ்ப்ளைன் (புள்ளிகள் வழியே ஓடும் வளைகோடு) இழுக்க நான்கைந்து புள்ளி போதும். நாற்பது வைத்தால் பரப்பு நெளியும். பரப்பின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பிரதிபலிப்பதுபோல் காட்டும் ஸீப்ரா கோடுகளைப் போட்டுப் பார்த்தால் அது தெரியும். பார்க்காமல் விட்டால், சமையலறை டியூப்லைட் காட்டிக்கொடுக்கும்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் சுவர் 2.5 மி.மீ. தடிமன் என்றால், அதைத் தாங்க உள்ளே வரும் ரிப்பின் (விலா போன்ற மெல்லிய தடுப்பு) தடிமன் 1.5-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் வெளிப்பக்கம் குழி விழும். அச்சுக்குப் போகுமுன் ஒரு 3டி பிரின்ட் எடுத்து, ஈரக் கையால் குமிழைத் திருப்பிப் பாருங்கள். வழுக்கினால் மறுபடி பேப்பர்தான்.

அச்சு செய்யும் டூல் ரூமுக்கு எஸ்டிஎல் (STL) கோப்பு அனுப்பாதீர்கள். அது முக்கோணங்களின் வலை, திருத்துவது பெரும்பாடு. பரப்புகளை அப்படியே வைத்திருக்கும் ஸ்டெப் (STEP) கோப்பே வேண்டும். ஏபிஎஸ் ஆறும்போது சுமார் 0.5% சுருங்கும், 200 மி.மீ.க்கு 1 மி.மீ. அதை அச்சு செய்பவர்களே சேர்ப்பார்கள். நீங்களும் சேர்த்தால் மூடி பொருந்தாது. ‘சுருக்கம் சேர்க்கவில்லை’ என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.