தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல்: மைலேஜ் எங்கே போகிறது?

தருமபுரியில் நான் நடத்தும் பட்டறைக்கு மைலேஜ் குறைந்துவிட்டதென்று வரும் கார்களில், இன்ஜெக்டரையோ ஏர் ஃபில்டரையோ கழற்றுவதற்கு முன், உரிமையாளரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பத்துக் கிலோமீட்டர் போய்வருவது என் வழக்கம். பல நேரங்களில் கோளாறு கியர் போடும் கையில்தான் இருக்கிறது.

சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போக, மூன்றாம் கியரானாலும் நான்காம் கியரானாலும் சக்கரத்துக்குத் தேவைப்படும் விசை ஒன்றே. ஆனால் மூன்றாம் கியரில் இன்ஜின் கூடுதலாகச் சுற்றுவதால் பிஸ்டன் வளையங்களிலும் பேரிங்குகளிலும் உராய்வு மிகுகிறது; பெட்ரோல் இன்ஜினில், பாதிக்கு மேல் மூடிய திராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மூடி) வழியாகக் காற்றை இழுக்கும் வீண் வேலையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. டீசலில் இந்த இரண்டாவது இழப்பு குறைவு என்றாலும் உராய்வு இருக்கத்தான் செய்யும்.

அதற்காக 30 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாம் கியருக்குப் போய்விடுவதும் சிக்கனமாகாது. வண்டி உதறுகிறது, இன்ஜின் திணறுகிறது, உள்ளே தட்டும் சத்தம் எழுகிறது. அதை உணரும் மின்னணுக் கட்டுப்பாடு தீப்பொறியைத் தாமதப்படுத்த, இழுவை குறைந்து கால் இன்னும் ஆழமாக ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது. சூளகிரி ஏற்றத்தில் இப்படி ஓட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கியரை மாற்றச் சொல்லி மீட்டரில் தெரியும் அம்புக்குறி சமதளத்தில் நல்ல வழிகாட்டிதான். ஏற்றத்தில் அதைவிட இன்ஜின் சத்தத்தையே நம்பி, திணறல் தொடங்கும் முன்பே ஒரு கியர் குறைப்பது நல்லது.

எனக்குப் பெரும் கவலை தருவது தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது நியூட்ரலில் விடும் பழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஓரளவு காரணம் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றவைப்பதால், இன்ஜின் சுற்று ஐடிலிங் (வண்டி நிற்கும்போது சும்மா ஓடும்) அளவை நெருங்கும்வரை எரிபொருள் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும். மிக மென்மையான இறக்கத்தில் நியூட்ரலில் வண்டி சற்றுக் கூடுதல் தொலைவு உருளும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் தொப்பூர் அப்படிப்பட்ட இறக்கமன்று. அங்கே இன்ஜினின் தடை இல்லாமல் பிரேக்கை மட்டுமே நம்பினால் பேடுகள் சூடேறி, பிரேக் ஆயிலும் கொதித்துவிட்டால் மிதிக்கும்போது பெடல் தொய்ந்து போகும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள்.

பழக்கத்தை மாற்றிய பின் அளந்து பார்க்க விரும்பினால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை போனதை மட்டும் கணக்கிடாதீர்கள். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருப்பதால் அந்தக் கணக்கு குறைத்தே காட்டும். கிருஷ்ணகிரியில் டேங்கை நிரப்பி, போய்த் திரும்பி, அதே பங்க்கில் மீண்டும் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள்.