வலித்தால்தான் மசாஜா?

நன்றாக அமுக்கிப் பிழிந்தால்தான் மசாஜ், வலி எடுத்தால்தான் பலன் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். உடலைத் தளர்த்தி ஓய்வு தருவதற்கான மசாஜில் இந்தக் கணக்கு சரிவராது. அங்கே தசையைவிட நரம்புகளுக்குத்தான் வேலை அதிகம்.

நம் தோலில், முக்கியமாக முடி வளரும் இடங்களில், சி-டாக்டைல் எனப்படும் மிக மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், வெதுவெதுப்பான கையால் வருடினால் அவை நன்றாகத் தூண்டப்படும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எட்டு நொடி எடுத்துக்கொண்டு நீவிப் பாருங்கள். அப்புறம் அதையே ஒரே நொடியில் சரேலென்று செய்து பாருங்கள். முதலாவதுதான் பலருக்கும் இதமாக இருக்கும். தொட்ட இடம் எது என்ற செய்தியை வேறு நரம்புகள் விரைவாக மூளைக்குக் கொண்டுபோகின்றன. சி-டாக்டைல் இழைகளின் செய்தியோ நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் என்று நிதானமாகப் போய், உடலின் உணர்வு நிலையைக் கவனிக்கும் இன்சுலா என்ற மூளைப் பகுதியைச் சேர்கிறது.

இதனுடன் மிதமான அழுத்தமும் சேரும்போது உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடுகிறது; இதயத் துடிப்பு குறைகிறது; மூச்சு சீராகிறது. அழுத்தம் ரொம்பக் குறைந்தால் கூச்சம்தான் மிஞ்சும். கூடிப்போய் வலித்தாலோ உடல் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும்: மூச்சு நின்று நின்று வரும், தசை இறுகும். எதற்காகப் படுத்தோமோ அது கெட்டுப்போகும். அதனால் மூச்சை அடக்க வேண்டியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். 'கொஞ்சம் மெதுவா' என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

மசாஜ் உடலின் நச்சை வெளியேற்றும் என்பார்கள். அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலத்தையும் உடல் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானே அகற்றிவிடுகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் மிகவும் கவலைப்படுவது கெண்டைக்காலைப் பற்றித்தான். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சிவப்பு இருந்தால் ஆழ்சிரையில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில், ரத்தம் உறைந்திருக்கலாம். தசைப்பிடிப்பு என்று நினைத்து அதை அமுக்கினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம், அது உயிருக்கே ஆபத்து. நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பல நாள் படுக்கை இவற்றுக்குப் பிறகு இந்த ஆபத்து கூடும். அந்தக் காலைத் தொடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண், எலும்பு முறிவு இருக்கும்போது மசாஜ் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லாரும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு அழுத்தம் எல்லை மீறுவதே தெரியாது. மசாஜ் செய்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கழுத்தின் முன்பக்கத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, அங்கே அமுக்க விடக் கூடாது. கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கவும் விடாதீர்கள்.

முடிந்ததும் துள்ளி எழ வேண்டாம். தளர்ந்த உடலில் ரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கும், தலை சுற்றலாம். பக்கவாட்டில் திரும்பி, ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் போதும்.