பாப்பராட்சி: ஒரு விடுதிக்காரரின் பெயர் வசைச்சொல் ஆன கதை

பாப்பராட்சி: புகழ்பெற்றவர்களை விரட்டி விரட்டி, அவர்கள் விரும்பாத நேரத்தில் படமெடுத்து, அதைப் பத்திரிகைகளுக்கு விற்றுப் பிழைக்கும் புகைப்படக்காரர்கள். இத்தாலியச் சொல், பன்மை. ஒருமையில் பாப்பராட்சோ. நம் செய்தித்தாள்களில் பாப்பராசி, பாப்பரசி என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

இது ஒரு சினிமாப் பாத்திரத்தின் பெயர். 1960-இல் ஃபெடரிகோ ஃபெலினி இயக்கி வெளிவந்த ‘லா டோல்சே வீட்டா’ படத்தில் மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயானி ஒரு கிசுகிசுப் பத்திரிகையாளராக வருவார். அவருடன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் புகைப்படக்காரனின் பெயர்தான் பாப்பராட்சோ. நடித்தவர் வால்ட்டர் சான்டெஸ்ஸோ. பெரிய வேடமெல்லாம் இல்லை. படத்தைப் பார்த்தவர்களுக்கே அந்த முகம் சட்டென்று நினைவுக்கு வராது. ஆனால் அந்தக் கூட்டம் செய்யும் ஒரு காரியம் மறக்காது. கதாநாயகனின் நண்பன் தன் இரண்டு குழந்தைகளையும் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போகிறான். வெளியே போயிருந்த மனைவி ஒன்றும் அறியாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள். புகைப்படக்காரர்கள் ஓடிப்போய் அவளைச் சூழ்ந்துகொண்டு படமெடுக்கிறார்கள். அவளுக்குக் காரணம் புரியவில்லை. என்னை யாரோ நடிகை என்று நினைத்துவிட்டீர்களா என்று கேட்கிறாள். செய்தி அவள் காதுக்குப் போகும் முன்பே அவள் முகம் படச்சுருளில் ஏறிவிடுகிறது. சொல்லின் முழுப் பொருளும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. ஃபெலினியே ஆளுக்கொன்று சொன்னவர். ஒருமுறை, ரீங்காரமிட்டுச் சுற்றி வந்து கொட்டும் பூச்சியை நினைவூட்டும் ஒலி அது என்றார். சின்னக் கொசுவுக்கு இத்தாலியத்தில் ‘பப்பத்தாச்சி’ என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. படத்தின் கதையை ஃபெலினியுடன் சேர்ந்து எழுதிய என்னியோ ஃப்ளையானோ சொன்னது வேறு. எனக்கு அதுதான் நம்பும்படியாகத் தெரிகிறது, ஏனென்றால் அதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது.

ஜார்ஜ் கிஸ்ஸிங் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1897-இல் தென் இத்தாலியில் சுற்றினார். அந்தப் பயணநூல் 1901-இல் வந்தது. கலாப்ரியாவில் உள்ள கத்தன்சாரோ என்ற மலை ஊரில் அவர் தங்கிய விடுதியின் அறைக்கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். தம் கூரையின் கீழ் தூங்கும் சில விருந்தினர்கள் சாப்பாட்டுக்கு மட்டும் வேறு கடைக்குப் போகிறார்கள் என்று அறிந்து உரிமையாளர் மிகவும் வருந்துகிறார். இது தம் மனதைப் புண்படுத்துவதோடு விடுதியின் பெயரையும் கெடுக்கிறது. சமையலில் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறோம், பெரியவர்கள் தயவுசெய்து இங்கேயே சாப்பிட வேண்டும். கீழே கையொப்பம்: கொரியொலானோ பாப்பராட்சோ.

1957-இல் இந்த நூலின் இத்தாலிய மொழிபெயர்ப்பு வந்தது. புகைப்படக்காரப் பாத்திரத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகத்தைப் புரட்டினோம், பெயர் கிடைத்தது என்று ஃப்ளையானோ எழுதிவைத்திருக்கிறார். போகாதீர்கள், இங்கேயே சாப்பிடுங்கள் என்று விருந்தினரைக் கெஞ்சிய மனிதரின் பெயர், கண்டதும் காரில் ஏறி ஓடவைக்கும் ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பாவம், அந்த விடுதிக்காரருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தொழில் மட்டும் கற்பனை அல்ல. 1950களில் ரோம் நகரத்துச் சினெசிட்டா ஸ்டூடியோவில் ஹாலிவுட் கம்பெனிகள் வரிசையாக வந்து படமெடுத்தன, செலவு குறைவு. இரவானால் நட்சத்திரங்கள் வியா வெனெட்டோ தெருவின் காபிக்கடைகளில் உட்காருவார்கள். தாட்சியோ செக்கியாரோலி போன்ற புகைப்படக்கார இளைஞர்கள் வெஸ்பா ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். சிரித்துக்கொண்டு நிற்கும் நடிகையின் படத்துக்கு விலை கம்மி. கோபப்பட்டுக் கையை ஓங்கும் நடிகரின் படத்துக்கு விலை அதிகம். அதனால் கோபப்படுத்துவதே தொழிலாயிற்று. 1958 ஆகஸ்டில் ஒரே இரவில் இவர்களுக்குப் பதவி இழந்த எகிப்து மன்னர் ஃபாரூக்குடன் ஒரு கைகலப்பு, பிறகு நடிகை ஆவா கார்ட்னருடன் இருந்த நடிகர் ஆந்தனி ஃபிராஞ்சோசாவுடன் இன்னொன்று. படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஃபெலினி செக்கியாரோலியை அழைத்து உட்காரவைத்துக் கதை கேட்டார். ஆக, ஆள் முன்பே இருந்தான், கூட்டம் இருந்தது, சந்தையும் இருந்தது. கூப்பிட ஒரு பெயர்தான் இல்லை. பாத்திரப் பெயர் பொதுச்சொல் ஆவதற்கு, நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு ஆசாமிக்கு மொழியில் பெயர் இல்லாமலிருக்க வேண்டும். இது என் கணிப்பு.

தமிழிலேயே பாருங்கள். வீராப்பு பேசிவிட்டு அடி வாங்கி வருபவனை இன்று ‘கைப்புள்ள’ என்கிறோம். 2003-இல் வந்த ‘வின்னர்’ படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. அப்படிப்பட்ட ஆள் தெருவுக்குத் தெரு முன்பே இருந்தான். கூனி, சகுனி, கும்பகர்ணன் ஆகியோர் இதிகாசத்திலிருந்து இறங்கி நம் வீட்டுத் திட்டுகளில் குடியேறியதும் இதே வழியில்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கும்பகர்ணன் என்றால் ராவணனின் தம்பி என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பாப்பராட்சியில் மூலப் பாத்திரம் அடியோடு மறந்துபோனது. அந்தச் சொல்லைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

1961-இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் ரோம் நகரப் புகைப்படக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் ஏறிவிட்டது. மறு ஆண்டு ‘கிளியோபாட்ரா’ படப்பிடிப்புக்கு ரோம் வந்த எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் காதலித்து, இவர்களுக்கு வேலை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நியூயார்க். ரான் கலெல்லா என்பவர் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் ஒனாசிஸை ஓயாமல் பின்தொடர, 1972-இல் நீதிமன்றம் அவரை 50 கெஜம் தள்ளி நிற்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 25 அடியாகச் சுருங்கியது. 1973-இல் நடிகர் மார்லன் பிராண்டோ விட்ட குத்தில் இதே கலெல்லாவின் தாடை உடைந்தது. அடுத்த முறை பிராண்டோவைப் படமெடுக்க அவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனார்!

1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் சுரங்கப்பாதையில் நடந்த கார் விபத்தில் இளவரசி டயானா இறந்தபோது சொல் உலகெங்கும் போயிற்று. அதுவரை கேலி கலந்திருந்த சொல்லில் ரத்தக்கறை படிந்தது. இதில் கொஞ்சம் நியாயமாகவும் பேச வேண்டும்: துரத்தி வந்தவர்கள் மட்டும் காரணமல்ல, காரோட்டி குடித்திருந்தார். 2008-இல் லண்டன் விசாரணை நடுவர்கள் காரோட்டி, பின்தொடர்ந்த வாகனங்கள் இரண்டின் கவனக்குறைவையும் சேர்த்தே சொன்னார்கள்.

இனி தமிழில் எப்படி எழுதுவது? ஒலிபெயர்ப்பதானால் பாப்பராட்சி என்பது இத்தாலிய உச்சரிப்புக்குக் கிட்ட வருகிறது. பாப்பராசியும் பாதகமில்லை. பாப்பரசி மட்டும் வேண்டாம். கத்தோலிக்கத் தமிழில், குறிப்பாக ஈழத்தில், போப்பாண்டவரைப் பாப்பரசர் என்பார்கள். பாப்பரசி என்றால் அவருடைய பெண்பால் மாதிரி ஆகிவிடும். வத்திக்கான் நாளிதழ் ‘லா டோல்சே வீட்டா’ படத்தைத் திட்டித் தீர்த்ததை நினைத்தால் சிரிப்பு இன்னும் கூடுகிறது. பாப்பராட்சி என்பதே பன்மை என்பதால் ‘பாப்பராட்சிகள்’ இரட்டைப் பன்மை என்று இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கலாம். மீடியாக்கள் என்று எழுதிப் பழகிய நமக்கு அது பெரிய குற்றமல்ல. ஒரே ஒருவரை பாப்பராட்சோ என்று குறிப்பிட வேண்டியதும் இல்லை. ஆங்கிலக்காரர்களே அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

தமிழ்ச்சொல்லாக்க வேண்டுமானால் சில பாதைகள் உடனே அடைபடுகின்றன. ‘புகைப்படக் கலைஞர்’ என்பது மரியாதைச் சொல், இவர்களுக்குப் பொருந்தாது. ‘பத்திரிகைப் புகைப்படக்காரர்’ என்றால் தவறு. இவர்களில் பலர் எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லை, எடுத்த படத்தை அதிக விலைக்குக் கேட்பவரிடம் விற்பவர்கள். ‘ஒளிந்து படமெடுப்பவர்’ என்பதும் பாதிதான், ஏனென்றால் வியா வெனெட்டோ ஆட்கள் ஒளியவில்லை, முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தார்கள். ஃபெலினி சொன்ன பூச்சியை நினைத்தால் ‘மொய்’ என்ற வினைதான் நாவில் வருகிறது. ‘நிருபர்கள் மொய்த்தனர்’ என்று நாளிதழ்கள் எழுதத்தானே செய்கின்றன. ஆனால் மொய்ப்படக்காரர் என்றால் கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நிற்பவர் என்றுதான் மதுரைக்காரர் புரிந்துகொள்வார்.

என் தேர்வு ‘படவேட்டையர்’. ஒருமைக்குப் படவேட்டைக்காரர், செயலுக்குப் படவேட்டை. துரத்தல், இரை, கிடைத்ததை விற்றல் மூன்றும் அதற்குள் அடங்குகின்றன. ‘மருத்துவமனை வாசலில் படவேட்டையர் காத்துக் கிடந்தனர்’ என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது.

மும்பையில் மட்டும் இந்தச் சொல் கொஞ்சம் இடறும். அங்கே இவர்களுக்கு ‘பாப்ஸ்’ என்று செல்லப்பெயர். நட்சத்திரம் எந்த விமானத்தில் வருகிறார், எந்த ஜிம்முக்குப் போகிறார் என்ற தகவல் பல நேரம் நட்சத்திரத்தின் ஆட்களிடமிருந்தே வருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்று கையசைத்துவிட்டுப் போகிறார்கள். அதே ஊரில் 2023 பிப்ரவரியில், தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து படமெடுத்துவிட்டார்கள் என்று ஆலியா பட் பகிரங்கமாகக் கண்டித்தார். முதல் வகையை விமான நிலையப் புகைப்படக்காரர் என்று எழுதினாலே போதும். படவேட்டையர் என்ற சொல்லை இரண்டாவது வகைக்கு வைத்துக்கொள்ளலாம்.