ஹைஸ்லர் பூங்காவுக்குக் கீழே ஓர் எல்லைச் சண்டை

கலிபோர்னியாவின் லகுனா பீச் நகரில் கடலோரக் குன்றின் விளிம்பை ஒட்டியே போகிறது ஹைஸ்லர் பூங்கா. ஓவியர்கள் குடியேறி வளர்த்த ஊர் என்பதால் நடைபாதை நெடுகச் சிற்பங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் படியிறங்கிப் பாறைக் குட்டைகளையும் பார்க்காவிட்டால் வந்த காரியம் பாதிதான்.

இறங்க நேரம் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் 24 மணி 50 நிமிடத்துக்குள் கடல் இருமுறை ஏறி இருமுறை வற்றும். நிலா பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கு வடக்கிலோ தெற்கிலோ விலகியிருப்பதால் இரண்டு வற்றமும் ஒரே அளவில் இருக்காது. அதிகம் வற்றும் வேளைகளின் சராசரி மட்டத்தைத்தான் அமெரிக்கக் கடல் ஏற்ற வற்ற அட்டவணைகள் பூஜ்யமாக வைக்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதற்கும் கீழே போகும். அட்டவணையில் மைனஸ் குறி இருக்கும். அந்த மைனஸ்தான் நமக்கு வேண்டும். கோடையில் அது விடியற்காலையில் வரும், குளிர்காலத்தில் பிற்பகலில். சோம்பேறிகளுக்குக் குளிர்காலமே உத்தமம்.

பாறையின் உச்சியில், அலை தெறிக்கும் இடத்தில், சின்ன நத்தைகளும், பாறையோடு ஒட்டி வாழும் ஓட்டுயிர்களான கொட்டலசுகளும். கொஞ்சம் கீழே கறுப்புச் சிப்பிகள். இன்னும் கீழே நட்சத்திர மீன்கள். ஓர் உயிர் எவ்வளவு மேலே ஏறலாம் என்பதைப் பெரும்பாலும் வெயில் தீர்மானிக்கிறது. எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை எதிரி தீர்மானிக்கிறது. 1960களில் ராபர்ட் பெயின் என்ற விஞ்ஞானி வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடுங்கிப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். தின்ன ஆளில்லாத சிப்பிகள் இறங்கிவந்து இடத்தை வளைத்துப் போட்டன. அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகின.

2012 முதல் லகுனாவின் இந்தக் கரை கடல் காப்பகம். காலியான சிப்பி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. சரிதான், அந்த ஓட்டுக்கும் ஆள் இருக்கிறது. நீர் வற்றியபின் பாறையில் ஓட்டுத் துண்டும் மணலும் அப்பிய ஈரக் கம்பளம் போலத் தெரிவது கடல் சாமந்திக் கூட்டம். பேர்தான் பூ, உண்மையில் இது பூப்போல உணர்கொம்புகளை விரிக்கும் ஒரு விலங்கு. உடம்பிலுள்ள ஒட்டும் புடைப்புகளால் துண்டுகளைப் பிடித்துவைத்து வெயிலைத் தடுத்துக்கொள்கிறது. தெரியாமல் மிதித்தால் தண்ணீரைப் பீச்சும்.

இவை தம்மையே இரண்டாகப் பிய்த்துக்கொண்டு பெருகுபவை. அதனால் ஒரு கூட்டம் முழுக்க ஒரே மரபணு. சில இடங்களில் கூட்டத்துக்கு நடுவே வெறும் பாறை ஒரு கோடாக ஓடும். கோட்டின் இருபுறமும் வேறு வேறு வம்சம். நீர் ஏறியதும் எல்லையில் இருப்பவை எதிரே இருப்பதைத் தொட்டுப் பார்க்கும். தன் நகல் என்றால் விட்டுவிடும். அந்நியம் என்றால், உணர்கொம்புகளுக்குக் கீழே இருக்கும் வெளிறிய பைகளை உப்பவைத்துச் சாய்ந்து ஓர் அறை! பையின் தோல், கொட்டும் செல்களோடு உரிந்து எதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் சதை செத்துவிடும். எல்லைக்காரர்களுக்கு இந்தப் பைகள் பெரிதாக இருக்கும், இனப்பெருக்க உறுப்புகள் சிறுத்திருக்கும். கருமுட்டையும் விந்தும் தயாரிக்கும் வேலை பெரும்பாலும் கூட்டத்தின் நடுவில் இருப்பவற்றுக்கு.