வெட்டாமல் மோதிரம் பெரிதாகாது, அம்மா

போன வியாழக்கிழமை காலை நான் என் நகைப் பட்டறைக்கு வரும்போதே ஒரு அம்மாவும் மகனும் வாசலில் நின்றிருந்தார்கள். காசிமேட்டிலிருந்து வந்திருந்தார்கள். மகனுக்கு நாற்பது வயது இருக்கும், ஐஸ் ஏற்றி இறக்குகிற வேலை. திங்கட்கிழமை விடிகாலையில் ஐஸ் பெட்டி கைமேல் சரிந்துவிட்டதாம். மோதிர விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. மோதிரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சதை மேடு தட்டி, நடுப்பள்ளத்தில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது.

"வெட்டாம கழட்டிக் குடு பத்தரே. மாமனார் வூட்ல போட்டது. கல்யாண மோதிரத்த வெட்டுனா ஆவாது" என்றார் அந்த அம்மா.

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் போயிருக்கிறது. எண்ணெய், சோப்பு, நூல் எல்லாம் வீட்டிலேயே முயன்று பார்த்து, தோல் வழண்ட பிறகு என்னிடம் வந்திருக்கிறார்கள். நான் வெட்டுகிற கருவியை எடுத்ததும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் தாயைப் பார்க்காமல் கையை என் பக்கம் நீட்டினான். நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் போகும், அதன்மேல் சின்னச் சக்கர ரம்பம் சுழலும். 22 காரட் இளகின உலோகம், இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. மோதிரத்தைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல் விட்டிருந்தது தெரிந்ததாம். அந்த விரலில்தான் மூன்று நாளாக நூல் சுற்றி இழுத்திருக்கிறார்கள்.

இந்த மாதத்தில் இப்படி வந்தது இது மூன்றாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சென்னையில் தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் என் பட்டறை. கம்பெனிக் காலத்தில் நாணயம் அடித்த இடம் இருந்ததால் தெருவுக்கு அந்தப் பெயர். இப்போது இந்தப் பக்கத்து மாடிகளில் மேற்கு வங்கத்துப் பையன்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள், நல்ல கை. எங்களைப் போன்ற பழைய பத்தர்களிடம் வருவது பெரும்பாலும் ரிப்பேர்தான். அதில் பாதி மோதிரத்தைப் பெரிசாக்கு, சிறிசாக்கு என்பது. மோதிரத்தைக் கையில் கொடுத்ததும் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது ஒரே வார்த்தை: "வெட்டாம பண்ணிக் குடுங்க."

ஏன் வெட்டக் கூடாது? அபசகுனம் என்பார்கள். அதை விட்டால், வெட்டி ஒட்டினால் மோதிரத்தின் பலம் போய்விடும் என்பார்கள். விற்கும்போது விலை குறையும் என்பார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் மோதிரம் முதலில் எப்படி உருவானது என்று நினைக்கிறீர்கள்? கையால் செய்த மோதிரம் என்றால், கம்பியையோ பட்டையையோ அளவுக்கு நறுக்கி, வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்து, பற்றவைக்கிற பொடி வைத்து ஊதியதுதான். பிறக்கும்போதே வெட்டோடும் ஒட்டோடும்தான் பிறந்தது. மெருகு ஏற்றிவிட்டதால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்தில் கிடக்கும் சங்கிலியைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு வெட்டு, ஒரு பற்று. ஒரு சங்கிலியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். தாலியே அதில்தான் தொங்குகிறது. அதை யாரும் அபசகுனம் என்று சொல்லிக் கேட்டதில்லை. மோதிரத்தில் ஒரு இடத்தில் வெட்டினால் மட்டும் குடும்பத்துக்கு ஆகாதா? காளிகாம்பாள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவன் நான். சாமி நம்பிக்கை இல்லாமல் பேசுவதாக நினைக்க வேண்டாம்.

பலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "வெட்டாமல்" என்றால் என்ன செய்ய முடியும் தெரியுமா? அடிவாரம் பெருத்த இரும்புக் கோலில் மோதிரத்தை மாட்டி, சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். தங்கம் நீளும். ஆனால் எங்கிருந்தோ புதுத் தங்கம் வந்து சேர்வதில்லை, இருப்பதுதான் மெலிந்து நீள்கிறது. கல்லில்லாத கெட்டி வளையமாக இருந்து அரை நம்பர், ஒரு நம்பர் ஏற்ற வேண்டுமென்றால் நானே தட்டித்தான் கொடுப்பேன், அதில் தப்பில்லை. கல் வைத்த மோதிரத்தில் கதை வேறு. கல் உட்கார்ந்திருக்கும் மேல்பாகம் நீளாது. நீள்வதெல்லாம் உள்ளங்கைப் பக்கம் இருக்கும் பின்பாகம். அது ஏற்கெனவே பாத்திரம் தேய்த்து, பஸ் கம்பி பிடித்து, பைக் கைப்பிடி முறுக்கித் தேய்ந்து கிடக்கும். அதையே இன்னும் தட்டினால் என்ன ஆகும்? கூடவே மேல்பாகத்தின் வளைவு மாறி, கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் வாய் பிளக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண் கொண்டு வந்த மோதிரம் மூன்று கடையில் மூன்று தடவை தட்டு வாங்கியது. பின்பக்கம் விரல் நகம் கனம்தான் இருந்தது. பாத்திரம் கழுவும்போது அறுந்து, கல் சாக்கடையோடு போய்விட்டது. மூன்று கடையிலும் "வெட்டாதீங்க" என்று சொன்னது அவர்தான். கடைக்காரர்களும் எதற்கு வம்பு என்று தட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

முறையான வேலை இதுதான். கல்லுக்கு நேர் எதிரே பின்பக்கத்தில் அறுத்து, வாயை விரித்து, அதே மாற்று, அதாவது அதே சுத்தம் உள்ள தங்கத்தில் ஒரு துண்டு வைத்து, இரண்டு பக்கமும் பற்றவைத்து, அரம் போட்டு, மெருகு ஏற்றுவது. சிறிசாக்க வேண்டுமென்றால் ஒரு துண்டை எடுத்துவிட்டு வாயைச் சேர்ப்பது. வெங்காரம், பொடி, நெருப்பு எல்லாம் வழக்கம்போலத்தான். ('பொடி வைத்துப் பேசுகிறான்' என்று ஊர் சொல்கிறதே, அந்தப் பொடியை நாங்கள் எங்கள் பொடி என்றுதான் சொல்லிக்கொள்வோம்.) முன்பு கேடிஎம் என்று காட்மியம் கலந்த பொடி ஓடியது. சுலபமாக உருகும், மாற்றும் குறையாது. ஆனால் அதன் புகை நுரையீரலைத் தின்றுவிடும். என் வயதுக்காரர்களின் இருமலைக் கேட்டால் தெரியும். இப்போதும் எவராவது "நம்முது கேடிஎம் நகை" என்று பெருமை பேசினால் எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்த சண்டை, எடை. "பெரிசு பண்ணச் சொன்னா எக்ஸ்ட்ரா தங்கத்துக்குக் காசு கேக்கறியே?" இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். நம்மூர் நம்பரோடு 40ஐக் கூட்டினால் மோதிரத்தின் உள்சுற்று மில்லிமீட்டரில் கிடைக்கும். 16ஆம் நம்பர் என்றால் 56 மில்லிமீட்டர். ஒரு நம்பர் ஏற்றினால் 1 மில்லிமீட்டர் கூடும். அரை சவரன் மோதிரம் 4 கிராம். ஒரே கனமான வளையம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 70 மில்லிகிராம். மூன்று நம்பர் ஏற்ற 200 மில்லி தங்கம் வேண்டும். பின்பக்கம் மெலிந்த மோதிரமாக இருந்தால் இன்னும் குறையும். சவரன் விலை போகிற போக்கில் 200 மில்லியை நான் அன்பளிப்பாக வைக்க முடியாது.

'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்று பழமொழி வைத்திருக்கிற ஊர் இது. சந்தேகப்படுவதில் எனக்கு வருத்தமில்லை, ஒழுங்காகச் சந்தேகப்படுங்கள் என்கிறேன். கொடுக்கும்போது உங்கள் கண் முன்னால் எடை போட்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சிறிசாக்கினால் எடுத்த துண்டு உங்களுடையது. கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது மறுபடி எடை போடுங்கள். அரப்பொடியில் கொஞ்சம் போகும், அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மளிகைத் தராசில் போட்டுப் பார்த்து போனில் கத்துவதில் பிரயோஜனமில்லை.

விலை குறையுமா என்றால், பற்று நல்ல பொடியில் இருந்தால் குறையக் காரணமில்லை. குறைவது எப்போது என்றால், மட்டமான மாற்றில் பற்று வைக்கும்போது. அதைவிடக் கேவலம், ஈயத்தில் ஒட்டுவது. கவரிங் நகை ஒட்டுகிற ஈயப்பற்றைத் தங்கத்தில் வைத்துவிட்டு, அடுத்து யாராவது அதைச் சூடு காட்டினால் ஈயம் தங்கத்துக்குள் இறங்கி அந்த இடமே பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஒட்டின இடம் வெளுத்துச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால், வேலைக்குக் கொடுக்கும் முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஹால்மார்க்கையும் கவனியுங்கள். 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம், 2023 ஏப்ரல் 1 முதல் விற்கிற நகையில் ஆறு இலக்க எண் இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து மோதிரத்தின் உள்பக்கம் லேசரில் பொடிப்பொடியாகப் போட்டிருப்பார்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் விவரம் வரும். வெட்டு அந்த எண்மேல் விழக் கூடாது, அரம் அதைத் தேய்க்கவும் கூடாது. "எண்ணைத் தள்ளி வெட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். கொடுக்கும் முன் உங்கள் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லைப் பற்றி மறைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வைரம் ஓரளவு நெருப்பைத் தாங்கும். முத்தும் பவழமும் தாங்கவே தாங்காது, கருகிவிடும். மரகதத்தின் வெடிப்புகளை எண்ணெய் ஏற்றித்தான் மறைத்திருப்பார்கள், சூடு பட்டால் எண்ணெய் போய் உள்ளே இருக்கும் வெடிப்பெல்லாம் வெளியே தெரியும். சந்தையில் ஓடும் மலிவு மாணிக்கங்களில் நிறைய, ஈயக் கண்ணாடி நிரப்பியவை. நெருப்பும் ஆகாது, அமிலமும் ஆகாது. நவரத்தின மோதிரம் என்றால் இந்த வில்லங்கம் எல்லாம் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கும். ஈரப் பஞ்சு வைத்து வேலை செய்வோம்தான், ஆனாலும் கல்லைக் கழற்றிவிட்டுச் செய்வதே உத்தமம், அதற்குக் கூலி கூடும். இல்லையென்றால் லேசர் மெஷின் இருக்கும் இடத்தில் கொடுங்கள். அதில் சூடு ஒரு புள்ளிக்கு மேல் பரவாது. "ஒரிஜினல் பர்மா" என்று வாங்கியவர் சொன்னதை என்னிடமும் சொல்லி, நான் நெருப்புக் காட்டியதும் கல் வெடித்தால், அந்தப் பழியை யார் ஏற்பது? சுற்றிலும் கல் பதித்த மோதிரத்துக்கு அளவு மாற்ற இடமே கிடையாது. ஆன்லைனில் வாங்குகிறீர்களே, கறுப்பு டங்ஸ்டன் மோதிரம், அதை எந்தப் பத்தராலும் மாற்ற முடியாது. மாட்டிக்கொண்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி அளவு. சித்திரை வெயிலில் மத்தியானம் நடந்து வந்து விரலை நீட்டாதீர்கள், ஏசியில் உட்கார்ந்து எழுந்த கையோடும் நீட்டாதீர்கள். கொஞ்சம் ஆறி உட்கார்ந்து, சாயங்காலமாகக் கொடுங்கள். கணுவைத் தாண்டும்போது லேசாக இழுக்க வேண்டும், தாண்டிய பிறகு சுழல வேண்டும். அகலப் பட்டை மோதிரத்துக்கு ஒரு நம்பர் கூட்டியே வையுங்கள். கர்ப்பிணிகள் எட்டாம் மாதத்தில் பெரிசாக்க வருகிறார்கள். வேண்டாம் தாயே, கழற்றி பீரோவில் வை, குழந்தை பிறந்து வீக்கம் வடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். லொடலொடக்கிற மோதிரத்துக்குப் பின்பக்கம் நூல் சுற்றிக்கொள்வதும் நம் ஊர்ப் பழக்கம். இரண்டு நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் ஈர நூலோடு இருந்து விரலில் புண்ணோடு வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

கையில் அடிபட்டால், வீங்கும் வரை காத்திருக்காமல் முதல் காரியமாக மோதிரத்தைக் கழற்றுங்கள். அடி ஏதும் இல்லாமல் வெறுமனே மாட்டிக்கொண்டால், கையைத் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்து, குளிர்ந்த தண்ணீர், பிறகு சோப்பு என்று முயலலாம். விரல் நிறம் மாறினாலோ மரத்துப் போனாலோ இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். ராத்திரி பன்னிரண்டு மணி என்றாலும் தீயணைப்பு நிலையத்தில் வெட்டி எடுத்து உதவுவார்கள். மறுநாள் பொழுது விடிந்து பத்தர் கடை திறக்கட்டும் என்று இருக்காதீர்கள்.

காசிமேட்டு அம்மா நேற்று மறுபடி வந்தார். மகன் கட்டோடு வீட்டில் இருக்கிறானாம். மோதிரத்தைக் காகிதத்திலிருந்து எடுத்து, வெட்டின வாயை விரலால் தடவிப் பார்த்தார். "இது தெரியாம பண்ணிடுவியா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப ரெண்டு நம்பர் பெரிசாவே வையி." கட்டைப் பிரித்து வீக்கம் முழுசாக வடிந்த பிறகு அவனை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன், அளவு அப்போதுதான் எடுக்க முடியும்.