டெரஸ்: மொட்டை மாடி இல்லை, எல்லா இடத்திலும் படிக்கட்டும் இல்லை

ஆற்றங்கரையில் மேடாக நிற்கும் தட்டையான நிலத்தை ஆங்கிலத்தில் 'ரிவர் டெரஸ்' என்பார்கள். அதை 'ஆற்று மொட்டை மாடிகள்' என்று ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் போன வாரம் கேட்டேன். எனக்கு இது மூன்றாவது தடவை. இனி பொறுக்க முடியாது.

டெரஸ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர் லத்தீனின் 'டெர்ரா', அதாவது மண். வீட்டு மாடி ஒரு கிளைப்பொருள்தான்.

சரி, மொட்டை மாடியை விடுங்கள். என் சண்டை, டெரஸ் வருகிற இடத்திலெல்லாம் போடுகிற 'படிக்கட்டு' என்ற சொல்லோடுதான். மலைச்சரிவு வயலுக்கு அது நல்ல சொல், ஏனென்றால் அதில் 'கட்டு' இருக்கிறது. பெருவின் மாச்சு பிச்சுவில் 15-ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் கட்டத்தான் செய்தார்கள்: கல் சுவர், உள்ளே அடியில் கற்கள், மேலே சரளை, அப்புறம் மேல்மண். பெய்கிற மழை தேங்காமல் வடிந்துவிடும்.

ஆறு எதையும் கட்டுவதில்லை. சரளையும் மணலும் பரப்பிவிட்டு ஓடுகிறது. பின்னால் நிலம் உயர்ந்தோ தட்பவெப்பம் மாறியோ ஆறு கீழே அறுத்து இறங்கும்போது, பழைய தரை கரையோரம் மேலேயே நின்றுவிடுகிறது. அதனால் பெரும்பாலும் உயரத்தில் இருப்பதுதான் மூத்தது. லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தின் அடியில் இருப்பது தேம்ஸ் விட்டுப்போன அப்படியொரு தரை. 1950-களில் தோண்டியபோது சுமார் 1,25,000 ஆண்டு பழைய நீர்யானை எலும்புகள் அங்கே கிடைத்தன. 'படிக்கட்டில் கிடைத்தன' என்று எழுதினால், யார் கட்டிய படிக்கட்டு என்றுதானே பிள்ளைகள் கேட்பார்கள்?

அப்படியானால் ஆற்று டெரஸை என்னவென்று சொல்வது? 'ஆற்றுப்படி' என்றால் படித்துறைதான் கண்ணில் வரும். 'திட்டு' என்றால் ஆற்று நடுவில் மணல். படுகை என்ற சொல் நம் கையிலேயே இருக்கிறது. கொள்ளிடக் கரையில் வாழை போடுகிறவர்கள் அன்றாடம் சொல்வது. ஆறு பரப்பிய நிலம் படுகை. ஆறு இறங்கிப்போனபின் மேலே தங்கியது மேட்டுப்படுகை. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர், அந்த நிலம் எப்படி உண்டானது என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும், இந்தச் சொல் தானே வரும்.

கட்டியது, ஆறு விட்டுப்போனது தவிர மூன்றாவது வகை டெரஸ் ஒன்றும் உண்டு. தென் இங்கிலாந்தின் சுண்ணக் குன்றுகளில் பழங்காலத்து உழவர்கள் சுவர் இல்லாமலே சரிவை உழுதார்கள். ஏர் ஓடும்போதெல்லாம் மண் கொஞ்சம் கீழே நகர்ந்து கீழ் வரப்பில் சேரும், மேல் விளிம்பு குறையும். தலைமுறைகள் போனால் அதுவே ஒரு படி. அங்கே லின்செட் என்கிறார்கள். இதை உழவுப்படி என்பேன். சரிவில் ஏர் ஓட்டியவர்கள் வாயில் இதைவிட நல்ல சொல் இருந்தால் அதையே வைத்துக்கொள்வோம்.