சர்க்கரையும் புற்றும் சேரும்போது காப்பாற்ற வேண்டியது தசையை

சர்க்கரை நோயாளிக்கு எடை குறைவது பெரும்பாலும் நல்ல சேதி. மருத்துவர் முதல் வீட்டார் வரை எல்லோரும் வருடக்கணக்கில் அதைத்தான் வலியுறுத்தியிருப்பார்கள். அதே மனிதருக்குப் புற்றுநோய் வந்த பிறகும் அந்த எண்ணம் மாறுவதில்லை. நான்கு கிலோ இறங்கினால், 'சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது' என்று வீடே நிம்மதி அடைகிறது. ஆனால் அப்போது உண்மையில் பயப்பட வேண்டும். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அது புற்றுநோயால் வரும் உடல் உருக்கம் என்று 2011இல் பன்னாட்டு நிபுணர் குழு வரையறுத்தது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் மூன்றரை கிலோதான்.

இந்த உருக்கத்தில் கொழுப்போடு தசையும் கரைகிறது. கட்டி உடலெங்கும் அழற்சியைத் தூண்டுகிறது. அந்த அழற்சி பசியை மந்தமாக்குகிறது, தசைப் புரதம் சிதைவதை வேகப்படுத்துகிறது. அந்தச் சிதைவைத் தடுக்கும் ஹார்மோன்களில் முக்கியமானது இன்சுலின். சர்க்கரை நோயாளிக்கோ அது போதுமான அளவு சுரப்பதில்லை, அல்லது சுரந்தாலும் சரியாக வேலை செய்வதில்லை. இரண்டு நோய்களும் ஒரே தசையைத் தின்கின்றன. இன்சுலினின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதும் அதே தசைதான். அது சுருங்கச் சுருங்க, குளுக்கோஸ் போக இடமின்றி இரத்தத்திலேயே தங்குகிறது. அளவு ஏறியதைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். தசை இன்னும் கரைகிறது.

இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது: 'சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும்.' புற்று செல்கள் குளுக்கோஸை ஏராளமாக இழுக்கின்றன என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டினார். பெட் ஸ்கேன் கட்டியைக் கண்டுபிடிப்பதும் அந்தக் குணத்தை வைத்துத்தான். அதற்காகப் பட்டினி போட்டால் கட்டி பட்டினி கிடக்காது. உணவு வராவிட்டால் கல்லீரல் தசையிலிருந்து வரும் அமினோ அமிலங்களை எடுத்துக் குளுக்கோஸ் தயாரித்துவிடும். கூரை மரத்தைப் பிடுங்கி அடுப்பெரிப்பது போன்ற காரியம் அது. கீமோதெரபியைத் தாங்குவதற்கும் தசை வேண்டும். தசை குறைந்தவர்களுக்குப் பக்கவிளைவுகள் கடுமையாவதையும், அதனால் மருந்தைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேர்வதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் சுகர் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லையா? இல்லை. உயர்ந்த குளுக்கோஸ் வெள்ளணுக்களின் வேலையைக் கெடுக்கும், தொற்றுக்கு வழிவிடும். புற்றுநோய்க்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தவர்களின் இறப்பு வாய்ப்பு, அது இல்லாதவர்களைவிடச் சுமார் 41 சதவீதம் அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. இதற்கு இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆகவே அளவைக் கட்டுக்குள் வைக்கத்தான் வேண்டும். அதை மருந்தைச் சரிசெய்து சாதிக்க வேண்டும், தட்டைக் காலியாக்கி அல்ல.

ஸ்டீராய்டு நாட்களில் இது பளிச்சென்று தெரியும். கீமோவோடு வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 110 இருக்கும். அதே ஆளுக்கு மாலையில் 300ஐத் தாண்டலாம். காலைப் பரிசோதனையை மட்டும் நம்புகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஏறியது சாப்பிட்டதால் மட்டும் அல்ல, மருந்தாலும்தான். மதியமும் மாலையும் அளந்து, அந்த நாட்களுக்கு மட்டும் இன்சுலினையோ மாத்திரையையோ மாற்றச் சொல்லிக் கேட்பதே வழி.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? புற்றுநோயாளிகளுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 25 முதல் 30 கலோரியும் 1 முதல் 1.5 கிராம் புரதமும் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான் என்பதை நினைத்தால், பசியில்லாத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய மலை என்று புரியும். மூன்று வேளையை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முட்டை, மீன், பால், பருப்பு என ஏதாவது ஒன்றைச் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். எடை குறைந்துவரும் நோயாளிக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, மாவுச்சத்தின் பங்கைக் குறைத்துக் கொழுப்பின் பங்கைக் கூட்டலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. சர்க்கரையை அதிகம் ஏற்றாமல் கலோரி சேர்க்க அது உதவும். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இத்தனை மெனக்கெடலுக்குப் பலன் உண்டா? சுவிட்சர்லாந்து மருத்துவமனைகளில் ஊட்டச்சத்துக் குறையும் அபாயத்தில் இருந்த 506 புற்றுநோயாளிகளின் தரவைப் பார்த்தார்கள். வழக்கமான மருத்துவமனை உணவு பெற்றவர்களில் 30 நாளில் 19.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆளுக்கேற்பத் திட்டமிட்டு உணவு பெற்றவர்களில் 14.1 சதவீதம். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே நடந்த ஆய்வல்ல இது. ஆனாலும் சாப்பாடு உயிர் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பழைய மாத்திரைச் சீட்டையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் சிலருக்குக் குமட்டலும் வாயில் உலோகச் சுவையும் தரும். எடை குறைக்க உதவும் ஊசி மருந்துகள் இருக்கிற பசியையும் கெடுக்கும். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிப்பிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளை, உணவு இறங்காத நாட்களில் தொடர்ந்தால் இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். புற்றுநோய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் அதே வாரத்தில் சர்க்கரை மருத்துவரையும் பாருங்கள். ஆறு மாத எடைக் கணக்கைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.